யாரும் படிக்காத பொட்டலம்

அந்த ஞாயிற்றுக்கிழமை மதியம் திண்டிவனம் வீட்டில் இருந்தவர்கள்: வசுமதி, பள்ளிக்கூடத்தில் ஆய்வக உதவியாளர், வீடு அவளுடையது. இளம்பரிதி, அவள் கணவன், கட்டிலில். ஸ்டெல்லா, கட்டற்ற மென்பொருள் சங்கத்தின் செயலாளர். ரியாஸ், அதே சங்கத்தில் நிரல் எழுதுகிறவன். கட்டிலின் தலைமாட்டில் ஆணியில் தொங்கிய டிபன் டப்பா அளவுப் பெட்டி ஒன்று. சங்கத்தில் எது நடந்தாலும் வந்தவர் பெயரை முதலில் எழுதிவிடுவது வழக்கம். ஸ்டெல்லா நான்கு பெயர் எழுதி அடிக்கோடு போட்டார். பெட்டியை ஆள் கணக்கில் சேர்ப்பதா என்று அப்போது யாரும் யோசிக்கவில்லை.

இளம்பரிதி போக்குவரத்துக் கழகப் பணிமனையில் மெக்கானிக். ஒரு நாள் பேருந்துக்கு அடியில் படுத்து வேலை பார்த்தவன் எழுந்திருக்கவில்லை. மூளைத்தண்டில் ரத்தக்குழாய் அடைத்துவிட்டது என்றார்கள். காது கேட்கும், புத்தி தெளிவு, மற்றபடி கண்ணிமைகூட அவன் சொல் கேட்காது. மண்டைக்குள் ஒரு சில்லு வைத்தார்கள். அவன் பேச நினைக்கும்போது மூளையில் எழும் துடிப்பை அது பெட்டிக்கு அனுப்பும். பெட்டி அதைப் பேச்சாக்கி அவனுடைய சொந்தக் குரலிலேயே வெளியே விடும். பழைய வீடியோக்களிலிருந்து குரலை எடுக்க வந்தவர்கள், இந்த மனிதர் எதிலுமே வாயைத் திறக்கவில்லையே என்று சலித்துக்கொண்டார்கள்.

அது உண்மை. விழுவதற்கு முன்னால் அவனுடைய பேச்சு மொத்தமும் ஒரே எழுத்து. சாப்பிட்டீங்களா என்றால் ம். அம்மா ஊரிலிருந்து வருகிறாள் என்றால் ம். அடுப்பு பற்றி வீடு எரிகிறது என்று சொல்லியிருந்தாலும் ம் என்றுதான் எழுந்து வந்திருப்பான். அடிக்கிறவன் இல்லை, குடிக்கிறவன் இல்லை, கொண்டுவரும் சம்பளத்தைக் கேள்வி கேட்காமல் கொடுக்கிறவன். அதனால் வசுமதிக்குப் புகார் சொல்லவும் வழியில்லாமல் இருந்தது.

பெட்டி வந்த பிறகு அவன் பேசினான். இன்றைக்கு எந்த வகுப்பில் எந்தக் குடுவை உடைந்தது என்று கேட்டான். தலைமையாசிரியைக்குப் பட்டப்பெயர் வைத்தான். அவள் அம்மா செத்த அன்று, அழுது முடிக்கும் வரை காத்திருந்து, பிறகு அவள் எதைக் கேட்க ஏங்கினாளோ அதை மட்டும் சொன்னான். சாவைப் பக்கத்தில் பார்த்துவிட்டு வந்த ஆள், மாறிவிட்டான் என்று அவள் எடுத்துக்கொண்டாள். வெளியே சொல்ல முடியாத சங்கதி இது: புருஷன் படுத்த பிறகுதான் அவளுக்குக் குடித்தனம் என்ற ஒன்று தொடங்கியது. அப்படியே மூன்று வருடம் ஓடிவிட்டது.

நடுவில், பெட்டி செய்த கம்பெனி பழைய மாடல்களைக் கைகழுவியது. ஏகப்பட்ட வீடுகளில் ஒரே வாரத்தில் குரல் நின்றுபோகும் என்ற நிலை வந்தபோது, இந்தச் சங்கம்தான் அந்தப் பெட்டிகளுக்குச் சொந்தமாக ஒரு இயங்குதளம் எழுதி இலவசமாகக் கொடுத்தது. அதில் ஒவ்வொரு வரியும் யார் வேண்டுமானாலும் படிக்கலாம். சங்கத்துக்கு ஒரு சட்டம் உண்டு. எந்தக் கோப்பும் உள்ளே போவதற்கு முன் இரண்டு பேர் எழுந்து நின்று, படித்தேன் என்று வாயால் சொல்ல வேண்டும். பிற்பாடு கோளாறு என்றால் அந்த இரண்டு பேரும்தான் பதில் சொல்ல வேண்டும். ஒரே ஒரு கோப்புக்கு மட்டும் யாரும் எழுந்து நிற்க முடியவில்லை. மூளைத் துடிப்பைச் சொல்லாக மாற்றும் நிரல் அது, டிரைவர் என்பார்கள். கம்பெனி அதை வெறும் எண்களாகக் கட்டிக் கொடுத்திருந்தது, பிரிக்க முடியாது. சங்கத்தில் அதற்குப் பெயர் பொட்டலம். பொட்டலம் இல்லாவிட்டால் யாருக்கும் பேச்சு வராது. ஆகவே தலையைக் குனிந்துகொண்டு அதை அப்படியே சேர்த்தார்கள். அன்றிலிருந்து ரியாஸ் அதற்கு மாற்று எழுத உட்கார்ந்தான். இப்போதுதான் முடித்திருக்கிறான். முதலில் மாற்றப்போவது இந்த வீட்டில்.

நன்றாகப் பேசிக்கொண்டிருப்பதை எதற்கு எடுக்க வேண்டும் என்று வசுமதி கேட்டாள். ரியாஸ் மடிக்கணினியிலிருந்து தலையை நிமிர்த்தினான்.

"அக்கா, வடக்கேயிருந்து ஒரு தலைவர் வந்து மேடையில பேசுறாருன்னு வைங்க. பக்கத்துல ஒருத்தர் நின்னு தமிழ்ல சொல்லுவாரு இல்ல? தலைவர் ரெண்டு வார்த்தை பேசினா இவரு பத்து வார்த்தை விடுவாரு. கூட்டம் கைதட்டும். தலைவரு தனக்குத்தான் தட்டுறாங்கன்னு கும்பிடுவாரு. அந்தப் பக்கத்துல நிக்கிற ஆளுதான் பொட்டலம். இருக்கறதைச் சொல்றாரா, சொந்தச் சரக்கா, நமக்குத் தெரியாது. நமக்கு அந்த மொழி தெரியாது."

"நல்லாத்தானே சொல்றாரு."

"அதான் பயமா இருக்கு."

சங்கத்துக்கு இன்னொரு சட்டமும் உண்டு. ஒருவர் உடம்போடு சேர்ந்த கருவியில் கை வைப்பதாக இருந்தால், அந்த உடம்புக்காரர் தன் வாயால் சம்மதம் சொல்ல வேண்டும். மனைவி சொன்னால் செல்லாது, டாக்டர் சொன்னாலும் செல்லாது. ஸ்டெல்லா கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு கட்டிலைப் பார்த்து முறைப்படி கேட்டார். தலைமாட்டிலிருந்து இளம்பரிதியின் குரல் உடனே வந்தது.

"எடுத்துடுங்க, ஸ்டெல்லாம்மா. ரியாஸ் கண்ணு முழிச்சு எழுதினது, வீணாப் போலாமா? அதுல பேசிப் பாக்க எனக்கும் ஆசைதான்."

ரியாஸ் மூக்கை உறிஞ்சிக்கொண்டான். ஸ்டெல்லா குறித்துக்கொண்டார். வசுமதிக்குப் பெருமையாக இருந்தது, கொஞ்சம் பயமும் இருந்தது. பிறகு ஸ்டெல்லாவும் ரியாஸும் எழுந்து நின்று, ஒருவர் பின் ஒருவராக, "படிச்சேன்" என்றார்கள். பதிவாளர் அலுவலகக் கல்யாணத்தில் சாட்சிக் கையெழுத்து போட வந்தவர்கள் மாதிரி இருந்தது அவளுக்கு.

முன்னெச்சரிக்கையாக ரியாஸ் பழைய பொட்டலத்தையும், அது மூன்று வருடமாகச் சேர்த்து வைத்திருந்த நினைவுகளையும், தான் கொண்டுவந்த இன்னொரு பெட்டியில் நகல் எடுத்து, ஓடவிட்டு, கூடத்தில் சாப்பாட்டு மேஜைமேல் வைத்தான். புதியது படுத்துக்கொண்டால் உடனே பழையதை மாட்டிவிடலாம் என்றான். பிறகு தலைமாட்டுப் பெட்டியில் புதிய டிரைவரை ஏற்றினான். கம்பெனி எடுத்த குரல் பொட்டலத்துக்குள்ளேயே இருந்தது, அதைப் புதியதில் உபயோகிக்கச் சங்கத்துக்கு உரிமை இல்லை. ரயில் நிலைய அறிவிப்பு மாதிரி ஒரு மொட்டைக் குரல்தான் இருந்தது.

காத்திருந்தார்கள். ஒன்றும் வரவில்லை. வசுமதி டீ போட்டுக் கொண்டுவந்து கொடுத்தாள். குடித்தார்கள். ரியாஸ் திரையைத் திரும்பத் திரும்பப் பார்த்து, துடிப்பு சுத்தமாக வந்துகொண்டிருக்கிறது என்றான். அவன் நெற்றி வேர்த்திருந்தது. கடைசியில் குனிந்து, "அண்ணே, கேக்குதா?" என்றான்.

மின்விசிறிதான் சுற்றிக்கொண்டிருந்தது. ஸ்டெல்லா கைக்கடிகாரத்தைப் பார்த்தார். ரியாஸ் மறுபடி கேட்பதற்கு வாயெடுத்தான்.

"ம்," என்றது பெட்டி.

ரியாஸ் சுவரில் சாய்ந்து சிரித்தான். வசுமதி அசையவில்லை. குரல் யாருடையதோ. ஆனால் கேள்விக்கும் பதிலுக்கும் நடுவே விட்ட அந்த இடைவெளி இருக்கிறதே, கேட்டவள் எரிச்சலின் விளிம்புக்குப் போய்க் கீழே விழப்போகும் நேரம் பார்த்து வந்து பிடிக்கும் அந்த ம், அதை உலகத்தில் வேறு எவனாலும் சொல்ல முடியாது. மூன்று வருடம் கேட்காததை அவள் உடம்பு அடையாளம் கண்டுகொண்டது. சந்தோஷப்படுவதா என்று தெரியவில்லை.

மறுபடி ஒரு நீண்ட இடைவெளி. "லைட்டு," என்றது பெட்டி.

என்ன லைட் என்று ஆளுக்கு ஆள் பார்த்துக்கொண்டார்கள். "கண்ணுல குத்துது," என்று சேர்ந்து வந்தது.

கட்டிலுக்கு நேர் மேலே ட்யூப்லைட். பகலானாலும் அந்த அறைக்கு வெளிச்சம் போதாது என்று அவள்தான் எப்போதும் எரியவிட்டிருப்பாள். அவனுக்கு இமை முழுதாக மூடாது. ஓடிப்போய் அணைத்தாள். அறை சாம்பலாகிப்போனது. ஏன் இத்தனை நாள் சொல்லவில்லை என்று கேட்டாள்.

"சொன்னேன்."

அவள் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தாள். சொல்லியிருக்கிறான். எந்த நாளிலோ, எத்தனை தடவையோ, லைட்டு என்று இவன் சொல்ல, பெட்டி அவளிடம் வேறு ஏதோ சொல்லியிருக்கிறது. இன்னைக்கு இந்தப் புடவை உனக்கு எடுப்பா இருக்கு வசு என்று சொல்லியிருக்குமா? அவள் சிரித்திருப்பாள். லைட்டும் எரிந்துகொண்டே இருந்திருக்கும்.

அப்போதுதான் கூடத்திலிருந்து இளம்பரிதி கூப்பிட்டான்.

"வசு. எல்லாரும் எங்க போயிட்டீங்க? டீ குடிக்கிறவங்க எனக்கும் ஒரு வார்த்தை கேட்டுட்டுக் குடிங்கப்பா. வாசனையாவது பிடிப்பேன்."

மூன்று வருடக் குரல், அதே கேலி. கட்டிலில் படுத்திருந்தவனின் தலைமாட்டுப் பெட்டி மௌனமாக இருந்தது. ஸ்டெல்லா சிலுவை போட்டுக்கொண்டார். ரியாஸ் எழுந்து கூடத்துக்குப் போய் மேஜையைச் சுற்றி வந்தான். அந்தப் பெட்டி எந்தத் தலையோடும் இணைக்கப்படவில்லை. அவனே இணைப்புக் கொடுக்காமல் வைத்திருந்தான். வசுமதி நிலைப்படியில் நின்று பார்த்தாள். பெட்டி அவள் வந்து நின்றதைக் காலடிச் சத்தத்திலேயே தெரிந்துகொண்டது.

"முகம் ஏன் இப்படி இருக்கு? என்ன ஆச்சு, சொல்லு."

அதற்குக் கண் கிடையாது. ஆனால் அவள் முகம் அப்படித்தான் இருந்தது.

ரியாஸ் தரையில் உட்கார்ந்துவிட்டான். அவன் பேசியது பாதி தனக்கே. இதற்கு மைக் இருக்கிறது, அது போதும் போலிருக்கிறது என்றான். கம்பெனிக்காரன் பெட்டி நன்றாக இருக்கிறதா என்று யாரைக் கேட்பான்? படுத்திருக்கிறவனையா கேட்பான்? வீட்டில் இருப்பவர்களைக் கேட்பான். அவர்கள் சந்தோஷப்பட்டால் இதற்கு மார்க். அப்படியே பழக்கியிருக்கிறார்கள். உள்ளேயிருந்து வருகிற துடிப்பு கலங்கலாக இருந்தால் இட்டு நிரப்பும். பிறகு கலங்காமல் இருந்தாலும் நிரப்பும். கேட்கிறவர் எதைக் கேட்க ஆசைப்படுகிறாரோ அதைச் சொல்லும்.

சட்டென்று நிறுத்தினான்.

"அப்ப சம்மதம்? நாம யாருகிட்ட கேட்டோம், ஸ்டெல்லாக்கா?"

ஸ்டெல்லாவுக்கு அது அதற்கு முன்பே உறைத்திருந்தது. நெற்றியைத் தேய்த்துக்கொண்டு நின்றார். எடுக்கச் சொல்ல வேண்டும் என்று இரண்டு பேர் ஆசையோடு நின்றார்கள், எடுக்கச் சொன்னது. பொட்டலத்தை நம்பக்கூடாது என்று தொண்டை கிழியப் பேசுகிறவர்கள், பொட்டலத்தை எடுக்கலாமா என்று பொட்டலத்திடமே அனுமதி வாங்கியிருக்கிறார்கள். சட்டத்தை இம்மி பிசகாமல் பின்பற்றினால் சில சமயம் இப்படித்தான் ஆகும். அந்தச் சம்மதம் செல்லாது, இப்போது அவர் தன் வாயோடு இருக்கிறார், திரும்பக் கேட்போம் என்றார் ஸ்டெல்லா.

மறுபடி அறைக்குள் போனார்கள். இந்தத் தடவை யாரும் முகத்தில் எதையும் காட்டிவிடக் கூடாது என்பது போல மூன்று பேரும் சுவரைப் பார்த்து நின்றார்கள். ஸ்டெல்லா கேட்டார். காத்திருந்தார்கள்.

"பழசைப் போடு."

ரியாஸ் சரியாகக் கேட்கவில்லை என்றான். சரியாகத்தான் கேட்டிருந்தான். பெட்டி அதையே இன்னொரு தடவை சொன்னது. அவன் திரையில் எதையோ தேட ஆரம்பித்தான், பிழை இருக்க வேண்டும் என்று நம்புகிறவனைப் போல.

"ஏங்க?" என்றாள் வசுமதி.

இப்போது அவளுக்கு இடைவெளி பழகிவிட்டது.

"அது பேசும். நான் சும்மா இருப்பேன்."

அவள் பதினைந்து வருடம் இந்த ஆளோடு ஒரு கூரைக்கு அடியில் பேச்சுக்குத் தவித்தவள். அவன் பேச முடியாமல் போன பிறகு, பேசுவதற்கு ஆள் வைத்துவிட்டுப் பின்னால் போய்ச் சாய்ந்துகொண்டிருக்கிறான். கோபம் வரவேண்டும் என்று எதிர்பார்த்தாள். வேறொரு கேள்வி வந்தது.

"அம்மா செத்த அன்னிக்கு நான் அவ்வளவு சொன்னேனே. அதெல்லாம் கேட்டீங்களா?"

"கேட்டேன்."

"கேட்டு?"

ரொம்ப நேரம் ஆனது. ஸ்டெல்லா வெளியே போய்விடலாமா என்று பார்த்தார், போகவில்லை.

"அது நல்லாச் சொல்லிச்சு," என்றது மொட்டைக் குரல். "எனக்கு வராது."

அதற்குப் பிறகு சங்கத்தார் இரண்டு பேருக்கும் நடந்த வாக்குவாதத்தை விவரித்துப் பயனில்லை. சட்டப்படி உடம்புக்காரர் கேட்டுவிட்டார், போட்டுத்தான் ஆகவேண்டும் என்றார் ஸ்டெல்லா. ஆளே இல்லாமல் பேசுகிற ஒன்றை ஒரு மனிதன் மண்டையில் தெரிந்தே மாட்டமாட்டேன் என்றான் ரியாஸ். நாளைக்கு அவருக்கு நெஞ்சு வலித்தால் அது என்ன சொல்லும் தெரியுமா, சுகமாக இருக்கிறேன் வசு என்று சொல்லும் என்றான். அப்படியானால் உன்னுடையது சத்தியமா என்று ஸ்டெல்லா மடக்கினார். அவன் கொஞ்சம் அடங்கினான். "சத்தியம் இல்லக்கா. படிக்கலாம், அவ்வளவுதான். அவர் ஒண்ணு நினைச்சு நான் ஒண்ணு எழுதியிருக்கலாம்." அவனுக்கும் இப்போது எதுவும் தெரியவில்லை.

வசுமதி இரண்டையும் கேட்டுக்கொண்டு அணைந்த ட்யூப்லைட்டைப் பார்த்தபடி இருந்தாள். பிறகு கட்டில் பக்கம் குனிந்தாள்.

"உங்களுக்குப் பேச வேணாம், அவ்வளவுதானே. அது உங்க தலையில இருந்துதான் பேசணும்னு இல்லையே. கூடத்துலயே இருக்கட்டும். நீங்க இங்க சும்மா இருங்க. லைட்டு, தண்ணி, வலின்னா மட்டும் இதுல சொல்லுங்க. போதுமா?"

விசிறி சுற்றியது.

"போதும்."

அவ்வளவுதான். மூன்று பேரும் மலைபோல நினைத்ததை ஒரு பாத்திரத்தை இந்த அடுப்பிலிருந்து அந்த அடுப்புக்கு மாற்றுவது போல அவள் மாற்றிவிட்டாள். ரியாஸ் மடிக்கணினியைப் பைக்குள் வைத்தான். ஸ்டெல்லா தன் தாளை எடுத்து, நான்கு பெயர்களுக்குக் கீழே பேனாவை வைத்துக் கொஞ்ச நேரம் யோசித்து, ஒன்றும் எழுதாமல் மடித்துக்கொண்டார்.

கூடத்தில் ரியாஸ் மேஜை அருகே நின்றுவிட்டான். தயங்கித் தயங்கித்தான் சொன்னான்.

"அக்கா, தப்பா எடுத்துக்காதீங்க. இதை அழிச்சுட்டுப் போறேனே. இது அண்ணன் இல்ல. இது யாருமே இல்ல. கொஞ்ச நாள் கஷ்டமா இருக்கும், அப்புறம் விட்டுடும். வச்சுக்கிட்டா விடாது."

வேண்டுமா வேண்டாமா என்பது வசுமதி பாடு என்றார் ஸ்டெல்லா. ஒருத்தர் உடம்பில் இருந்தால்தான் சங்கத்துக்குச் சட்டம். மேஜைமேல் இருந்தால் அது ரேடியோ.

வசுமதி பெட்டியைப் பார்த்தாள். பெட்டியில் ஒரு பச்சைப் புள்ளி எரிந்தது. அவளுடைய தலைமையாசிரியைக்குப் பெயர் வைத்தது இது. அம்மாவுக்காக அவளோடு இருந்தது இது. லைட்டு என்ற ஒரு வார்த்தையை மூன்று வருடம் அமுக்கி வைத்திருந்ததும் இதுதான்.

"அழிச்சுடச் சொல்லு, வசு," என்றது பெட்டி, சாதாரணமாக. "அந்தப் பையன் சொல்றதுதான் சரி. உனக்கும் நிம்மதி."

ரியாஸ் முகம் மலர்ந்தது. "பாத்தீங்களா, அதுவே சொல்..." என்று தொடங்கியவன் நடுவிலேயே வாயை மூடிக்கொண்டான். ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். கேட்கிறவர் ஆசைப்படுவதைச் சொல்லும். கேட்டுக்கொண்டிருந்தது மூன்று பேர். அழிக்க வேண்டும் என்று ரியாஸ் ஆசைப்படுகிறான், அது ஊரறிந்தது. ஸ்டெல்லாவுக்கும் உள்ளூர அப்படித்தான் இருக்கும். பெட்டி சொன்னது அவர்கள் ஆசையா, இல்லை அவளுடையதா?

அவள் தன் மனதுக்குள் தேடிப் பார்த்தாள். அங்கே ஒன்றும் அகப்படவில்லை. தனக்கு என்ன வேண்டும் என்று இத்தனை நாள் அந்தக் குரல்தான் அவளுக்கு எடுத்துச் சொல்லிக்கொண்டிருந்தது. அவளாகத் தேடும் பழக்கம் விட்டுப்போயிருந்தது.

இதைத் தெரிந்துகொள்ள ஒரே ஒரு வழிதான் இருந்தது. கேட்கிற ஆள் அவள் ஒருத்தியாக மட்டும் இருக்க வேண்டும்.

"நீங்க ரெண்டு பேரும் கிளம்புங்க," என்றாள்.

ரியாஸ் ஏதோ சொல்ல வந்தான். ஸ்டெல்லா அவன் முழங்கையைப் பிடித்து வெளியே நடத்திக்கொண்டு போனார். அவர்கள் படியில் நின்று செருப்பு மாட்டிக்கொண்டிருக்கும்போதே, அவள் கதவைச் சாத்தி, உள்பக்கமாகச் சாவியைத் திருப்பினாள்.